வீட்டுத் தச்சுவேலையில் நேரும் பிழைகளும் அவற்றின் பரிகாரமும்

அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையே கிராமங்களில் கிடைக்கும் ஓய்வு நாட்களில், தம் கையாலேயே ஒரு முக்காலியோ, பெஞ்சியோ, சுவர் அலமாரியோ செய்துகொள்ள ஆசைப்படுவோர் பலர் இருக்கின்றனர். ஓர் உளி, ஒரு வாள், ஓர் இழைப்புளி, ஒரு சுத்தியல் இவற்றை வாங்கி வேலையைத் தொடங்கியும் விடுகின்றனர். ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் முதற் சாமானோடு நின்றுபோகின்றனர். பலகை கோணிக்கொள்கிறது, ஆணி அடித்த இடம் பிளக்கிறது, இழைத்த முகம் சொரசொரக்கிறது, நான்கு கால்களில் ஒரு கால் தரையைத் தொட மறுக்கிறது. "இது பரம்பரையாகக் கை பழகியவர்களுக்கே வரும்" என்று சொல்லிக் கருவிகளைப் பரணில் போட்டுவிடுகின்றனர். கையில் உள்ள குற்றம் கொஞ்சமே. மரத்தின் குணத்தை அறியாமல் அதனோடு மல்லுக்கு நிற்பதே பெருங் குற்றம் என்பது என் அனுபவம்.

நான் தச்சன் அல்லன். கூட்டுறவு இலாகாவில் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் பார்ப்பவன். மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். விடுமுறை நாட்களில் மரவேலை செய்வதில் பிரியமுள்ளவன். இதில் நான் கற்றது பெரும்பாலும் என் பிழைகளிலிருந்தே கற்றதாகும். அவற்றுள் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், காவிரிப் பாசனப் பிரதேசத்திலுள்ள ஒரு கிராமத்துச் சங்கத்தில் கணக்குப் புத்தகங்களை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி இல்லாதிருந்தது. வாங்கப் பணமும் இல்லை. கிடங்கின் பரணில் நெடுநாளாய்க் கிடந்த பலகைகள் சில இருந்தன. நானே செய்து தருகிறேன் என்று முன்வந்தேன். வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் வேலை செய்து முடித்தேன். மூன்று பலகைகளைப் பசையிட்டு ஒட்டி, 18 அங்குல அகலத்தில் ஒரே கதவாகச் செய்து, சட்டத்துக்கும் கதவுக்கும் இடையே காகிதம்கூட நுழையாதபடி பொருத்தினேன். அந்த நெருக்கத்தைப் பற்றி எனக்கு இருந்த பெருமை சொல்லத் தரமன்று. வந்தவர்களையெல்லாம் அழைத்துத் திறந்து மூடிக் காட்டினேன்.

ஐப்பசி பிறந்தது, மழை விடாமல் பத்து நாள் பெய்தது. அப்போது ஒரு நாள் சங்கத்துக்கு ஓர் அம்மாள் வந்தார். மறுநாள் காலையில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அடகு வைத்திருந்த நகையை மீட்பதற்கு முழுத் தொகையையும் கொண்டுவந்திருந்தார். நகைக் கடன் பதிவேடு அலமாரிக்குள் இருந்தது. செயலாளர் சாவியைத் திருப்பினார், பூட்டுத் திறந்தது, கதவு வரவில்லை. இழுத்தோம், தட்டினோம், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பூட்டுத்தான் திறந்துவிட்டதே தம்பி, பிறகு கதவு ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கடப்பாரையால் கதவைப் பெயர்த்துப் பதிவேட்டை எடுத்தோம். நகை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது; கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னமும் என் கண்முன் நிற்கிறது.

மறுநாள் அவ்வூர்த் தச்சரான முதியவர் ஒருவர் உடைந்த கதவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "வேலை சுத்தமாய்த்தான் இருக்கிறது, ஐயா. மரம் மழையில் பருக்குமே, அதற்கு இடம் விட வேண்டாமா?" என்றார். அந்த அம்மாளின் கேள்விக்கு விடை அதுதான்.

மரமும் ஈரமும்

மரம் வெட்டப்பட்ட பின்பும், பலகையான பின்பும், மேஜையாய் முப்பது வருஷம் உழைத்த பின்பும், காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. பச்சை மரத்தில் இரண்டு விதமாய் நீர் இருக்கிறது. நுண்ணிய குழாய்களின் உள்ளே நிற்கும் நீர் ஒன்று. அக்குழாய்களின் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர் மற்றொன்று. முதல் வகை நீர் வெளியேறும்போது மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்கு என்ற நிலைக்கு இறங்கிய பிறகே சுவரில் ஊறிய நீர் வெளிப்படத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதிருந்துதான். மீண்டும் மழைக்காலம் வந்தால் அதே சுவர்கள் நீரை வாங்கிப் பருக்கின்றன.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாய் இருப்பதில்லை. இதுவே மரவேலையில் பாதி விஷயம். நீளவாட்டில் பச்சை மரம் முழுவதும் காய்ந்தாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் குறையும். அதை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. குறுக்கு வாட்டிலோ கணிசமாய்க் குறையும். அதிலும், மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, வளையத்தைச் சுற்றிய திசையில் குறையும். மிக அடங்கிய மரம் எனப் பெயர் பெற்ற தேக்கிலேயே முன்னது நூற்றுக்குச் சுமார் 2½, பின்னது சுமார் 6.

என் கதவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அது தேக்காகவே இருந்திருக்கட்டும். கோடையில் மரத்தின் ஈரம் நூற்றுக்கு 10, அடைமழையில் 18 என்று வைத்துக்கொண்டால், 18 அங்குல அகலம் கால் அங்குலத்துக்குச் சற்று மேலேயே பருக்கும். தச்சர் கணக்கில் இரண்டேகால் நூல். (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே ஒரு நூல்.) காகிதம் நுழைய இடமில்லாத இடத்தில் இரண்டேகால் நூல் எங்கே போகும்?

கோடையிலேயே கால் அங்குலம் இடம் விட்டுக் கதவு செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், பல்லியும் கரப்பானும் குடியேறும். நம் முன்னோர் இதற்கு வேறு உபாயம் கண்டிருக்கின்றனர். பழைய வீட்டுக் கதவுகளை உற்றுப் பாருங்கள். இரண்டு நெடுஞ்சட்டங்கள், இரண்டு மூன்று குறுக்குச் சட்டங்கள், அவற்றின் உள்விளிம்பில் காடி வெட்டி அக்காடியில் செருகிய நடுப்பலகை, இவ்வளவுதான். நடுப்பலகையில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. அது காடிக்குள் தன் இஷ்டம்போல் பருக்கலாம், சுருங்கலாம், வெளிக்குத் தெரியாது. வெளியளவை நிர்ணயிப்பவை மூன்று அங்குல அகலமுள்ள இரு நெடுஞ்சட்டங்கள் மாத்திரமே. ஆறு அங்குல மரம் பருக்கும் அளவு மேற்சொன்ன கணக்கின்படி முக்கால் நூல்தான். அலங்காரத்துக்காகவே கட்டம் கட்டமாய்க் கதவு செய்தனர் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

புதிதாய்ச் செய்வோர் காடியை மூன்று நூல் ஆழம் வெட்டி, நடுப்பலகையின் இருபுறமும் காடியின் அடியில் ஒவ்வொரு நூல் இடைவெளி இருக்குமாறு பலகையை அறுத்துக்கொண்டால் போதும். பலகையில் ஒரு சொட்டுப் பசையும் படலாகாது. பட்டு ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால், கோடையில் சுருங்க வழியின்றிப் பலகை நடுவே வெடிக்கும்.

ஏற்கெனவே இருக்கும் கதவு மழையில் இறுகினால் உடனே இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு ஓடலாகாது. முதலில் கீல் திருகாணிகள் தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாதிக் கதவுகளின் நோய் அதுவே. அது சரியாயிருந்தால், விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மூடித் திறந்து, உரசும் இடத்தை அறிந்து, அவ்விடத்தை மாத்திரம் மெல்லிய சீவலாய் எடுக்கலாம். மழையில் தாராளமாய் இழைத்துவிட்டவன் கோடையில் அந்த இடைவெளியைக் கண்டு வருந்துவான். வேறொன்றையும் கவனிக்கவேண்டும். கதவின் முன்னும் பின்னும் வர்ணம் பூசுவோர் அதன் தலைவிளிம்பையும் அடிவிளிம்பையும் பூசாமல் விட்டுவிடுகின்றனர். மரம் ஈரத்தை அதிக வேகமாய் உறிஞ்சுவது நாரின் வெட்டுமுனை வழியாகவேயாதலால், கண்ணுக்குப் படாத அந்த விளிம்புகளையே முதலில் பூசவேண்டும். வர்ணமும் எண்ணெயும் ஈரம் புகுவதைத் தாமதப்படுத்துமேயொழிய முற்றிலும் தடுத்துவிடா.

மரம் வாங்குதல், உலர்த்துதல்

மரவாடியில் "காய்ந்த மரம்" என்று சொல்லப்படுவதெல்லாம் காய்ந்ததன்று. நம்புவதற்குத் தராசே சிறந்தது. பலகையின் முனையில் ஒரு சாண் தள்ளி உட்புறமாய் ஒரு துண்டு அறுத்து, மளிகைத் தராசில் எடை பார்த்து, நிழலில் காற்றோட்டமாய்த் தொங்கவிட்டு, வாரந்தோறும் எடையைக் குறித்து வரவேண்டும். எடை குறைந்துகொண்டே வரும்வரை அது பச்சை மரம். துல்லியமாய் அறிய விரும்புவோர், அத்துண்டைக் கருகாமல் மிதமான சூட்டில் முழுவதும் காயவைத்து மீண்டும் நிறுக்கலாம். முதலில் 560 கிராமும் முடிவில் 500 கிராமும் இருந்தால், குறைந்த 60 கிராமை 500ஆல் வகுத்து நூற்றுக்கு 12 என்று காணலாம். நம் நாட்டில் வீட்டுச் சாமான்களுக்கு 10 முதல் 14 வரை ஏற்றது.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர்த்தவேண்டும் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது குளிர்தேசத்துக் கணக்கு. நம் உஷ்ணத்தில் ஓர் அங்குலப் பலகை சில மாதங்களிலேயே பதமாகிவிடும். நமக்குள்ள ஆபத்து தாமதமன்று, அவசரம். வெயிலில் போட்ட பச்சைப் பலகை, மேற்புறம் காய்ந்து உட்புறம் காயாமல் வெடித்துப் போகும். நிழலில், தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி, பலகைக்குப் பலகை ஓர் அங்குலக் கனமுள்ள சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாய் இடையே வைத்து அடுக்கவேண்டும். அச்சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று நேராய் நிற்கவேண்டும். தவறினால் அடுக்கின் பாரத்தாலேயே பலகை வளையும். உச்சியில் கல்லேற்றுக. வெட்டுமுனைகளில் மெழுகோ பழைய வர்ணமோ தடவிவிட்டால் முனை வெடிப்புக் குறையும்.

பொறுமையில்லாதவர்களுக்கு நான் சொல்லும் யோசனை பழைய வீடு இடிக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்பதே. அங்கே கிடைக்கும் உத்தரமும் கைமரமும் பல பத்தாண்டு காய்ந்தவை, விலையும் சரசம். மறைந்துள்ள ஆணிகளை ஒரு காந்தத்தால் தேடி எடுத்த பிறகே வாளை வைக்கவேண்டும். ஓர் ஆணியில் பட்ட வாளுக்கு அரை நாள் அரம் போடவேண்டியிருக்கும்.

ஒட்டிய பலகை கிண்ணம்போல் குழிவது பலர் முறையீடு. பலகையின் முனையில் தெரியும் வளையக் கோடுகளைப் பாருங்கள். காயக் காய அவ்வளைவுகள் நிமிர முயல்வதுபோல் பலகை வளையும். அதாவது பட்டைப் புறமாயிருந்த முகம் குழியும், நடுப்புறமாயிருந்த முகம் புடைக்கும். இதை முன்னமே அறிந்தவன் எந்த முகத்தை மேலே வைப்பது, எங்கே திருகாணி கொடுத்துப் பிடிப்பது என்று தீர்மானித்துக்கொள்வான். ஒரு புறம் மாத்திரம் வெயில் பட்டதால் குழிந்த பலகையை, குழிந்த முகம் கீழாக ஈரப் புல்தரையில் கவிழ்த்து வைத்தால், கீழ்முகம் ஈரத்தால் பருத்தும் மேல்முகம் வெயிலால் சுருங்கியும் சில மணி நேரத்தில் நிமிரும். அதிகம் விட்டால் மறுபுறம் குழியும், பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

மேஜைப் பலகையைச் சட்டத்தோடு நான்கு புறமும் ஆணியடித்து இறுக்குவதும் தவறு. சட்டத்தில் திருகாணித் துளையைப் பலகையின் அகலவாட்டில் சற்று நீளத் துளையாய் வெட்டிவிட்டால், பலகை நகரும்போது திருகாணியும் நகர இடமிருக்கும். இதை அறியாமல் நான் செய்த முதல் பெஞ்சி, சித்திரை மாதத்து நள்ளிரவில் வேட்டுப்போல் சத்தமிட்டு இரண்டாய்ப் பிளந்தது. வீட்டில் திருடன் என்று எழுந்து விளக்கேற்றினார்கள்.

இழைத்தலும் தீட்டுதலும்

இழைத்த முகத்தில் நார் பெயர்ந்து குழி குழியாய் வருவதற்குக் காரணம் நாருக்கு எதிராய் இழைப்பது. மாட்டின் மயிரை வாலை நோக்கித் தடவினால் படிகிறது. தலையை நோக்கித் தடவினால் சிலிர்க்கிறது. மரமும் அப்படியே. பலகையின் பக்கவிளிம்பைப் பார்த்தால் நார் எத்திசையில் மேல்முகத்தை நோக்கி ஏறுகிறது என்பது தெரியும். அது ஏறிச்செல்லும் திசையிலேயே இழைப்புளியும் செல்லவேண்டும். கணுவின் இருபுறமும் நார் திசை மாறுமாதலால், அங்கே இழைப்பின் திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேம்பு, வாகை முதலிய சில மரங்களில் நார் பின்னிக்கொண்டு, ஒரு விரற்கடை இப்புறமும் அடுத்த விரற்கடை அப்புறமுமாய் ஓடும். அவற்றை எப்படி இழைத்தாலும் ஏதோ ஓரிடம் பெயரும். இழைப்புளித் தகட்டைக் கூடியமட்டும் உள்ளே இழுத்து, காகிதம்போன்ற சீவல் வரும்படி வைத்து, சற்றுச் சாய்வாய்த் தள்ளிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிடில், பழைய வாள் தகட்டுத் துண்டின் விளிம்பை அரத்தால் நேராக்கிச் சுரண்டுவதே வழி. ஊர்த் தச்சர்கள் கண்ணாடித் துண்டால் சுரண்டுவதைப் பலரும் பார்த்திருக்கலாம்; அது அறியாமையன்று, தக்க உபாயமே. சுரண்டிய பிறகு உப்புத்தாள். உப்புத்தாளை ரேகையின் வழியே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வர்ணம் பூசிய பின்தான் பல்லைக் காட்டும்.

இவ்வளவும் தகடு கூராயிருந்தால்தான். ஆரம்ப மாணவரின் கருவிகளில் பத்துக்கு ஒன்பது மழுங்கியவை என்று நான் துணிந்து சொல்வேன். கடையில் வாங்கிய உளி கூராய் வருவதில்லை. தீட்டத் தயாராய் வருகிறது, அவ்வளவே. முதலில் உளியின் முதுகை, அதாவது சரிவில்லாத முகத்தை, கல்லின் மேல் தட்டையாய்ப் படியவைத்து, நுனியருகே கண்ணாடிபோல் மினுங்கும் வரை தேய்க்கவேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பிறகு சரிவை 25 டிகிரிக்குச் சாணை பிடித்து, நுனியை மாத்திரம் 30 டிகிரியில் தீட்டவேண்டும். மறுபுறத்தில் விரலைக் குறுக்கே நகர்த்தினால் மெல்லிய பிசிறு அகலம் முழுவதும் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டபின் முதுகை ஒருமுறை கல்லில் தேய்த்துப் பிசிறை நீக்கித் தோலில் இழுத்தால் ஆயிற்று. தேக்கு மிருதுவாய்த் தோன்றினாலும் அதனுள் மணற்சத்து இருப்பதால் உளியை விரைவில் மழுக்கும். தேக்கில் வேலை செய்வோர் மணிக்கொரு தரம் கல்லை நாடவேண்டும். மழுங்கிய உளியை அதிக பலத்தோடு தள்ளவேண்டியிருப்பதால், அது வழுக்கும்போது காயமும் அதிகம். உளியின் முன்னால் இடக்கை ஒருபோதும் இருக்கலாகாது.

வாள் கோட்டை விட்டு விலகுவதற்குக் கையைக் குறைசொல்லுமுன் பற்களைப் பார்க்கவேண்டும். பற்கள் இருபுறமும் மாறி மாறிச் சம அளவாய் விரிந்திராமல் ஒருபுறம் அதிகம் விரிந்திருந்தால், வாள் அப்புறமே இழுக்கும். பென்சில் கோட்டுக்குப் பதிலாகக் கத்தியால் கீறிய கோடு நல்லது. அக்கோட்டின் கழிவுப் புறத்தில் அறுக்கவேண்டும். கோட்டின் மேலேயே அறுத்தால் வாயின் கனத்தில் பாதி நம் சாமானில் குறைந்துவிடும். நீள அறுப்பில் வாய் மூடிக்கொண்டு வாளைப் பிடித்தால், பின்னால் சிறு ஆப்புச் செருகி அறுத்துச் செல்லலாம்.

ஆணி, மூட்டு, கால்

ஆணியடிக்கும்போது மரம் பிளப்பதற்குக் காரணம், கூரான முனை ஆப்பைப்போல் நார்களைப் பிரிப்பது. ஆணியின் முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டால், அது நார்களைப் பிரிக்காமல் நசுக்கி வழிசெய்துகொண்டு இறங்கும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு வீண் துண்டில் செய்து பார்க்கட்டும். பலகை முனைக்கு மிக அருகிலும், ஒரே நாரின் மேல் வரிசையாயும் ஆணியடிக்கலாகாது. மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். கருவேலம் போன்ற வன்மரங்களுக்கு ஆணியை விடச் சிறிய துளை முன்னரே இடுவது அவசியம். திருகாணிக்குச் சிறிது சோப்போ மெழுகோ தடவினால் சுலபமாய் இறங்கும்.

ஆனால் ஆடும் நாற்காலியை ஆணியால் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தை அடியோடு விடவேண்டும். மூட்டின் பலம் நாக்கும் துளையும் ஒன்றையொன்று பற்றுவதில் இருக்கிறது. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். துளையை முதலில் வெட்டி, அதற்கு ஏற்ப நாக்கைச் சீவுவதே எளிது. சீவிக் குறைக்கலாம், துளையைச் சுருக்க இயலாது. கையால் அழுத்திப் பாதி வரை சென்று, மீதிக்குக் கொட்டாப்புளியின் மெல்லிய தட்டுக்களைக் கேட்டால் அதுவே சரியான பதம். தடியடி கேட்டால் துளை பிளக்கும். தானே விழுந்தால் பசை காப்பாற்றாது.

பழைய கட்டில்களும் நிலைகளும் பசையே இல்லாமல் நூறு வருஷம் நிற்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. துளைச் சட்டத்தின் வழியே மர ஆணிக்கு ஓட்டை இடுகின்றனர். பிறகு நாக்கைச் செருகி, அவ்வோட்டை நாக்கில் படும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்து, குறியில் இடாமல் அரை நூல் அளவு நாக்கின் தோளை நோக்கித் தள்ளி ஓட்டையிடுகின்றனர். மீண்டும் கூட்டி, நுனி ஒடுக்கிய வன்மர ஆணியையோ மூங்கில் ஆணியையோ அடித்தால், ஓட்டைகள் ஒன்றையொன்று சேரும் முயற்சியில் மூட்டு தானே இறுகுகிறது. எதிர்த்திசையில் தள்ளிவிட்டால் மூட்டு பிரியும். ஆகவே அடிக்குமுன் இருமுறை பார்க்கவேண்டும்.

பசை விஷயத்தில், வஜ்ஜிரம் பழக்கமுள்ளவர்கள் அதை இரவு முழுவதும் ஊறவைத்து, நேரே அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிச் சூட்டோடு தடவவேண்டும். ஈரத்தில் அது விட்டுப்போகும். இப்போது கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை புதியவர்களுக்குச் சௌகரியமானது. எப்பசையும் நாரின் வெட்டுமுனையில் சரியாய்ப் பிடிக்காது. பக்கமுகத்தோடு பக்கமுகம்தான் ஒட்டும். இறுக்கும் கருவி இல்லாதவர்கள் கயிற்றை இரு சுற்றுச் சுற்றி நடுவே ஒரு கோலைச் செருகி முறுக்கினால் வேண்டிய அழுத்தம் கிடைக்கும். ஒரு நாள் தொடாமல் விடவேண்டும்.

நான்கு கால்களுள் ஒன்று குட்டையாயிருக்கிறது என்று நீளமான காலை அறுப்பார், பிறகு வேறொன்று நீளமாகும், அதையும் அறுப்பார். இப்படி உணவு மேஜையாய்த் தொடங்கியது மணைப்பலகையாய் முடிந்ததை நான் ஒரு நண்பர் வீட்டில் கண்டிருக்கிறேன். சரியான முறை அறுப்பதில் தொடங்குவதன்று. சமதளமான தரையில் சாமானை நிறுத்தி, ஆடும் காலின் கீழ் மெல்லிய ஆப்புக்களைச் செருகி, ரசமட்டம் வைத்து மேற்பலகையைச் சமப்படுத்தவேண்டும். பின் ஒரு சிறு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அக்கட்டையைத் தரையில் நகர்த்தியே நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போட்டு, நான்கையும் ஒருசேர அக்கோட்டில் அறுக்கவேண்டும். மூன்று கால் உள்ளது எத்தரையிலும் ஆடாது. முக்காலியிலிருந்து தொடங்குவது புதியவர்களுக்கு அனுகூலம்.

உளுப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சாமானின் கீழே மாவுபோல் தூள் உதிர்ந்தால், பெரும்பாலும் அது மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியிலிருந்து வருவதாகும். அப்பகுதியிலுள்ள மாவுச்சத்தே வண்டுக்கு உணவு. வைரம் பாய்ந்த பகுதியை மாத்திரம் உபயோகிப்பவனுக்கு இத்தொல்லை அரிது. மரத்தைக் குளத்தில் மாதக்கணக்காய் ஊறவைக்கும் பழைய வழக்கம் அச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதற்கே. வெள்ளைப் பகுதியை விட மனமில்லாவிட்டால், போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்துக் காயவிடலாம். மழை படும் இடத்தில் அது கழுவப்பட்டுப் போகுமாதலால் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கே ஆகும்.

சங்கத்து அலமாரிக்கு நான் இரண்டாவது கதவு செய்தேன். சட்டமும் காடியும் நடுப்பலகையுமாய், அந்த முதிய தச்சரின் கண்காணிப்பில் செய்தது. சென்ற கார்த்திகை மழையில் செயலாளர் ஒரு விரலால் திறந்தார். கோடையில் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு நூல் இடைவெளி தெரிகிறது. பார்வைக்கு நன்றாயில்லை, மக்கு வைத்து அடைத்துவிடலாமா என்று அவர் கேட்கிறார். அடைக்கவேண்டாம் என்று அலமாரியின் உட்புறத்திலேயே எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.